அக்கா உயரத்துக்கு ஒரு முன்கண்ணாடி

அன்புள்ள அக்கா,

நலம்தானே? அப்பா பழைய பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே கட்டிய கூரையில்லாத லாரிக்கு முன்கண்ணாடி வைத்தாயிற்று. கடையில் எதுவும் பொருந்தவில்லை. சட்டத்தை நான்தான் வெல்டிங் செய்தேன்.

கண்ணாடி வெட்டக் கொடுப்பதற்கு முன் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். நான் உன்னைவிட உயரம் அல்லவா, மேல்கம்பி சரியாக என் கண்ணை மறைத்தது.

"அப்பா, எனக்கு ரோடே தெரியல."

"உனக்கு எதுக்கு? அக்கா உயரத்துக்கு வச்சிருக்கேன். அவ வந்து ஓட்டுவா."

நீ கடைசியாக வந்தபோது கதவு நிலையில் உன் உயரத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார். என் கோடு அங்கே இல்லை. தேடிப் பார்த்தேன்.

மறுநாள் அவர் கண் டாக்டரிடம் போயிருந்தார். கம்பியை அறுத்து நாலு விரல் உயர்த்தி ஒட்டினேன். கண்ணாடிக்காரரிடமும் அந்த அளவையே கொடுத்தேன்.

கண்ணாடி வந்ததும் அப்பா முகம் சுருங்கியது.

"நான் சொன்ன அளவு இது இல்லையே."

"ஓட்டுறவ அளவுப்பா."

வண்டியைக் கிளப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் ஏறினார். மெயின் ரோட்டில் வேகம் பிடித்தேன். அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"காத்து மூஞ்சில அடிக்கல. நல்லா செஞ்சிருக்க."

எனக்கு அது போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்காவுக்குப் பிடிக்குமா?"

நீ வா. அப்பா நகர்ந்து இடம் கொடுப்பார், உனக்கென்றால் கொடுப்பார். ஸ்டியரிங்கை மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும் உன் தங்கை