கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

பெப்ரவரி 11, 2024, ஞாயிறு
பூசைக்குப் போய் வந்தேன். கட்டிலில் சாய்ந்தபடியே இவர், "இண்டைக்குப் பிரசங்கம் நீளமோ?" என்றார். கல்யாணம் ஆன முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் இதே கேள்வி. என்னைக் கோயில் வாசல் வரை கூட்டி வந்து வேப்பமரத்தடியில் நிற்பார், உள்ளே வரமாட்டார். இப்போது அதற்கும் ஏலாது. ஈரலில் புற்றுநோய், இனி மருந்தில்லை என்று டொக்டர் சொல்லிப் பன்னிரண்டு நாள். ஞானஸ்நானம் பெறாமலே போய்விடுவாரோ? வேறு நினைவே எனக்கு இல்லை.

பெப்ரவரி 14, விபூதிப் புதன்
நெற்றிச் சாம்பலோடு வந்து கேட்டே விட்டேன். "எனக்காகவாவது பங்குச் சுவாமியைக் கூப்பிடட்டோ? தலையில மூண்டு தரம் தண்ணி. அவ்வளவுதான்."
"நான் நம்பேல்லை, இன்பம். நம்பாம தலையைக் குனிஞ்சா அது உன்ர கடவுளுக்கே பொய் சொல்லுற மாதிரி."
கல்யாணத்தின்போதும் இதையேதான் சொன்னவர். அதனால்தான் பிஷப்பிடம் அனுமதி வாங்கி, பூசையில்லாமல் தாலி கட்டினோம். பிடிவாதக்காரன். குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.

பெப்ரவரி 17, சனி
மூதூரிலிருந்து ஸஹாப்தீன் நானா பார்க்க வந்தார். அவருடைய படகு எஞ்சினை இவர்தான் எப்போதும் திருத்துவார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "பழைய சாமானைப் புதுசெண்டு இந்த மனிசன் ஒருநாளும் பூட்டினதில்ல தங்கச்சி. நடுக்கடல்ல எஞ்சின் நிண்டா உசிருதான் போகும் எண்டுவார்."
எனக்குத் தெரியும். கோயிலில் முன்வரிசையில் முழங்காலில் நிற்கிற சிலரையும் தெரியும் — வேண்டாம், தவக்காலம்.
நல்லவனாக இருந்தால் மட்டும் மோட்சம் கிடைக்குமா? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு எவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லிக் கொடுத்தேன்.

பெப்ரவரி 20, செவ்வாய்
கஞ்சியும் இறங்கவில்லை.

பெப்ரவரி 22, வியாழன்
செய்துவிட்டேன்.
சாகும் ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பவள் நான். பெரியவர்கள் என்றால் அவர்களே விரும்பிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவளும் நான்தான். காலையில் காய்ச்சலோடு கண்மூடிக் கிடந்தார். தலை கழுவுவது போல, கோப்பையால் மூன்று முறை ஊற்றினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி — முணுமுணுப்பாகத்தான் சொன்னேன்.
கண் திறந்தார்.
"என்ன பேர் வச்சனீ?"
கோப்பையைக் கீழே வைத்தேன். "உங்கட பேர்தான். இராஜநாயகம்."
நெற்றியில் வழிந்த தண்ணீரை விரலால் வழித்தார். பிறகு, "என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார்.
கேட்டனான்தானே? கேட்டு, மாட்டன் எண்டு சொன்னவர்தானே? ஐயோ, அதுதானே என்ர பிழை.
துவாயால் தலையைத் துடைத்தேன். துடைக்க விட்டார்.

பெப்ரவரி 25, ஞாயிறு
விடியும்போது போய்விட்டார். அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

பெப்ரவரி 26, திங்கள்
சுவாமி வந்தார். "கடைசி நேரத்தில ஞானஸ்நானம் கேட்டவரோ அம்மா? கேட்டவரெண்டா நாங்கள் பூசை வச்சு அடக்கலாம்."
ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளைக்கு எனக்குப் பக்கத்திலேயே சேமக்காலைக் கல்லறையில் படுத்திருப்பார். வாங்குப் பலகையில் கிடத்தியிருந்த இவருடைய முகத்தைப் பார்த்தேன்.
"இல்லை சுவாமி. அவர் மாட்டன் எண்டவர். நான்தான் ஊத்தினனான்."
"அவற்ற மனம் இல்லாட்டி அது ஞானஸ்நானம் இல்லையே, அம்மா."
பின்னேரம் இவருடைய தம்பி கொள்ளி வைத்தார்.

மார்ச் 27, புதன்
பெரிய வியாழனுக்கு முன்னம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எல்லாம் சொன்னேன். செய்த பாவத்துக்காக மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறீர்களா என்று சுவாமி கேட்டார்.
"அவற்ற சொல்லை மதிக்காததுக்கு மனஸ்தாபப்படுறன். ஊத்தினதுக்கு ஏலாது, சுவாமி. திரும்பவும் ஊத்துவன்."
சுவாமி கிட்டக் குனிந்தார். "பாஸ்குத் திருநாள் வருது அம்மா. மனஸ்தாபம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, பாவமன்னிப்புத் தாறன்."
என் வாயில் இவருடைய சொல்தான் வந்தது. "மனசில இல்லாம தலையைக் குனிஞ்சா அது பொய், சுவாமி."
மன்னிப்பு வாங்காமல் எழும்பி வந்தேன்.

மார்ச் 31, பாஸ்கு ஞாயிறு
கோயில் வாசல் வரை போனேன். வேப்பமரத்தடியில், அவர் நிற்கும் இடத்தில் நின்றேன். இன்றைக்குப் பிரசங்கம் நீளம்.