காலிங் பெல் ரேடியோ

இன்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு தேரடி வீதியில் நடந்தபோது ஏதோ ஒரு கடையிலிருந்து ஈயம் உருகும் வாசனை வந்தது. செல்போன் ரிப்பேர் கடையாக இருக்கும். நின்றுவிட்டேன். "இன்னா மாமா, யாராவது கூப்பிட்டாங்களா?" என்றாள். உன் ரிப்பேர் கடையிலும் எப்போதும் இதே வாசனைதான். நீதான்டா கூப்பிட்டாய், நண்பா; அதைச் சொன்னால் அவள் பயந்துவிடுவாள். ஒன்றுமில்லையம்மா என்றேன்.

சர்க்கரை என் கண்ணைக் கொண்டுபோன பிறகு எனக்கு மிஞ்சியது ரேடியோதான். எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அதற்கும் வழியில்லை. மலை குறுக்கே நிற்பதால் எஃப்.எம்.மில் வெறும் கரகரப்புதான். நீ உன் கடையில் கிடந்த பழைய செல்போன் ஒன்றில் வானொலியின் இணைய ஒலிபரப்பை வரவைத்து, ஒரு காலிங் பெல் ஸ்விட்சையும் பொருத்திக் கொடுத்தாய். அமுக்கினால் பாட்டு, மறுபடி அமுக்கினால் நிற்கும். "உன் வீட்டுக்கு நீயே விருந்தாளிடா, அடிச்சுக்கோ" என்று கிண்டல் வேறு.

திடீரென்று ஒரு நாள் அது ஊமையாகிவிட்டது. இனி எங்கள் ஆப்பில் மட்டும்தான் கேட்கலாம் என்று நிலையத்தார் வெளியாட்களின் வழியை அடைத்துவிட்டார்கள். அந்த ஆப்போ போன் நம்பர் கேட்கும், ஓடிபி கேட்கும், எந்தப் பொத்தான் எதற்கு என்று மட்டும் வாய் திறக்காது. ஒவ்வொரு காலையும் "கொஞ்சம் போட்டு விடும்மா" என்று மருமகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் கூசியது.

திருட்டு வழி உனக்குத் தெரியும். "வேணாம்டா, மறுபடி கட் பண்ணிடுவாங்க. கேட்டே வாங்கிடலாம்" என்று என் எதிரிலேயே நிலையத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாய்.

"தேர்ட் பார்ட்டிக்கெல்லாம் அனுமதி இல்ல சார்" என்றார் அங்கிருந்தவர்.

"அதான் என் வண்டிக்குக் கட்டிட்டேனே சார். ரேடியோ கேக்கறதுக்கும் இன்ஷூரன்ஸா?"

நீ நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாய். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அய்யோ, அது இல்லீங்க. எங்களுக்கும் நேயருக்கும் நடுவுல வேற ஒருத்தர் எடுத்துப் போடறதைச் சொல்றேன்" என்றார்.

"நடுவுல நான் எங்க சார் இருக்கேன்? ஸ்விட்ச் மட்டும்தான் என்னுது. அமுக்கறவன் அவன், கேக்கறவன் அவன். கண்ணு தெரியாதவன் சார். யாரையும் கூப்பிடாம பாட்டு கேக்கணும்னு நெனைக்கிறான், அவ்ளோதான்."

எதற்கும் சிரிக்கிற நீ சிரிக்காமல் பேசியதை அன்றுதான் கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாக அவர் சொன்னார். நீ விடவில்லை. போதும் போதும் என்று அவருக்கே ஆகும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில் எனக்கென்று ஒரு தனி இணைப்பு கிடைத்தது, வேறு யாருக்கும் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இன்றும் தினமும் காலையில் நானேதான் போட்டுக்கொள்கிறேன். உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன மறுநாளும் அப்படித்தான். தடவி அமுக்கினேன். அறிவிப்பாளர் எப்போதும் போல வணக்கம் சொல்லிப் பாட்டைப் போட்டார். அந்தச் சத்தத்தில் நான் வாய்விட்டு அழுதது வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. யாரையாவது கூப்பிட்டுப் போடச் சொல்லியிருந்தால் அவர்கள் பக்கத்தில் நின்றிருப்பார்கள், நான் அடக்கிக்கொண்டிருப்பேன். உனக்காக மனம் போல அழ முடிந்ததற்கும் உனக்குத்தான்டா நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.