எலுமிச்சை வெயில்

ஏப்ரல் 9

மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். அடுத்துக் கார் பழக வர வேண்டிய அம்மாள் வெயிலுக்குப் பயந்து வரவில்லை என்று போன் செய்துவிட்டார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஏசி போட்டால் முதலாளிக்கு வயிறு எரிகிறது. போடாவிட்டால் எனக்கு முதுகு எரிகிறது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. காலர் உரசினால் உயிர் போகிறது. பவுடரைக் கொட்டிக்கொள்ளாதீர்கள், இன்னும் அடைத்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில் குளித்து, ஒற்றித் துடைத்து, தொளதொளவென்று பருத்திச் சட்டை போடுங்கள் என்று மனைவி தலைப்பாடாக அடித்துக்கொள்கிறாள். கேட்கவில்லை. வேர்வையும் பவுடரும் சேர்ந்து கழுத்தில் சுவர் பூச்சு மாதிரி காய்ந்துகிடக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மகள் அப்போதுதான் நீச்சல் பயிற்சி முடிந்து உள்ளே வந்தாள். வாத்து என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். பத்தாவது பரீட்சை முடிந்த நாளிலிருந்து தண்ணீரே கதி. கூரையில்லாத குளம். நிறம் இரண்டு மடங்கு கறுத்திருக்கிறது.

"கரண்ட் வர்ற வரைக்கும் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே இரு வாத்து. அப்பத்தான் நீ எங்க இருக்கேன்னு எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. அண்ணி அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். வாத்தும் சிரித்தாள். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலை ஷிப்ட். அவளுக்குத்தான் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த வாய் மட்டும் இல்லையென்றால் இந்த வேலையில் எனக்கு எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும்.

ஏப்ரல் 11

வாத்து முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாள். இந்தப் புழுக்கத்தில். ஏன் என்றால் "சும்மா" என்கிறாள். வயசு அப்படி.

ஏப்ரல் 17

மதியம் நீச்சல் பயிற்சியாளர் அம்மாளிடமிருந்து போன்.

"கொஞ்சம் வர முடியுமா சார்? பொண்ணு மூஞ்சியில கொப்புளம் கொப்புளமா இருக்கு. கேட்டா எதுவும் சொல்ல மாட்டேங்குறா."

பழகிக்கொண்டிருந்தவரை இந்தப் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன். பாவம், அந்த மனிதர் வழியெல்லாம் சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

உடை மாற்றும் அறை வாசலில் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெல்ல விலக்கினேன். நெற்றி, இரண்டு கன்னம், கழுத்தில் வழிந்து இறங்கிய கோடு. எல்லாம் சிவந்து, சில இடத்தில் நீர் கோத்து. விரலால் இழுத்துப் பூசிய தடம் அப்படியே தெரிந்தது. காலையில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தேன். தூசிக்காக என்று நினைத்தேன். நேற்று தலைவலி என்று அறைக்குள்ளேயே கிடந்தாள். சரி என்று போய்விட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறேன், என் பெண்ணின் முகத்தை ஒருநாள் முழுக்கப் பார்க்கவில்லை.

தோல் டாக்டர் உற்றுப் பார்த்தார். "எலுமிச்சம்பழம் பூசினியா?"

தலையாட்டினாள்.

"பூசிட்டு வெயில்ல போனியா?"

மறுபடியும் தலையாட்டல். முந்தாநாள் சாறு பிழிந்து பூசி, வழித்துத் துடைத்துவிட்டு, குளத்துக்குப் போயிருக்கிறாள். பிசுக்கு போனதும் எல்லாம் போய்விட்டதென்று நினைத்திருக்கிறாள்.

"அந்தச் சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா தீப்பட்ட மாதிரி ஆயிடும். உடனே தெரியாது. ஒருநாள் ரெண்டுநாள் கழிச்சுத்தான் காட்டும். கொப்புளத்தைக் கிள்ளாத. களிம்பு எழுதித் தரேன். வெயில் ஆகவே ஆகாது. காய்ஞ்சப்புறம் கறுப்பா தழும்பு நிக்கும், மறைய மாசக்கணக்குல ஆகும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "எதுக்கும்மா பூசின? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

வாத்து சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"இல்ல டாக்டர். போன்ல பார்த்தேன். நானாத்தான் பூசினேன்."

வாயே ஓயாதவன் என்று பேர் எடுத்தவன் நான். மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 18

அவள் தன் அறைக் கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருக்கிறாள்.

ஏப்ரல் 20

இன்று அணிக்கு ஆள் எடுக்கும் நீச்சல் தேர்வுப் போட்டி. அவள் போகவில்லை. பயிற்சியாளர் வீட்டுக்கே வந்தார். வாத்தின் தாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என்மேலதான் தப்பு சார். உச்சி வெயில்ல தண்ணியில கெடக்குற புள்ளைங்க. என்ன பூசணும், என்ன பூசக்கூடாதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

அவர் போன பிறகு மனைவி அடுக்களையில் நின்று அழுதாள். "எதிர்வீட்டு அம்மாகிட்ட எப்பவோ பேசிக்கிட்டிருந்தேன், எலுமிச்சம்பழம் தேய்ச்சா நிறம் வெளுக்கும்னு. இவ கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. நான் சொன்னதுதாங்க."

"அழாத, சரியாயிடும்" என்றேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

சீ. எழுதவே கூசுகிறது. நீயாடா தடவிக்கொடுக்கிற? யாரோ ஒரு பொம்பள, சம்பந்தமே இல்லாதவ, வாசல்ல நின்னு என்மேல தப்புன்னு சொல்லிட்டுப் போறா. பெத்தவ என்னாலதான்னு அழறா. நீ ஆறுதல் சொல்ற. உனக்குத் தெரியாதா அந்தப் புள்ள எதுக்கு வெளுக்க நினைச்சுதுன்னு?

தெரியும். போனில் பார்த்தாளாம். போனில் எதைத் தேடினாள், அதை ஏன் தேடினாள்? கரண்ட் போன மூன்றாம் நாளே முழுக்கைச் சட்டை. நானே இதில் எழுதியும் வைத்திருக்கிறேன், வயசு அப்படி என்று.

ஏப்ரல் 23

மருந்துக்கடைக்குப் போய் வெயிலுக்குப் பூசும் கிரீம் வாங்கினேன். தண்ணீரில் கரையாததாக வேண்டும் என்றேன். அகலத் தொப்பி. முகம் கழுவ, வாசனை சேர்க்காத சோப்பு. கடைப்பெண் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டே, "யாருக்கு சார் இவ்வளவும்?" என்றாள். "மகளுக்கு" என்றேன். "கொடுத்துவச்ச பொண்ணு" என்றாள்.

பையை வாத்தின் மேஜைமேல் வைத்தேன். "தேங்க்ஸ்பா" என்றாள். கடைக்காரனிடம் சில்லறை வாங்கும்போது சொல்வோமே, அந்த மாதிரி.

கொப்புளம் அடங்கிவிட்டது. அடியில் பழுப்புக் கோடுகள் தெளிகின்றன. ஐந்து விரல் தடம். பார்க்கிறவர்களுக்கு யாரோ அறைந்தது போலிருக்கும்.

ஏப்ரல் 26

பழக வந்த அம்மாள் இன்று கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்கவைத்தார். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன். இன்றும் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஏற்கெனவே சிரிப்பதற்குத் தயாராக வைத்திருந்தார். நான் சொல்வதற்கு முன்பே. வலிக்குமோ என்னவோ, எதற்கும் சிரித்துவைப்போம் என்கிற மாதிரி ஒரு முகம்.

இத்தனை வருஷமாக அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தேன்.

பழகுகிறவர் தடுமாறினால் மிதிக்க என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றை யாரும் வைக்கவில்லை.

"என்ன சார், இன்னைக்குப் பேச்சே காணோம்?" என்றார்.

"தொண்டை சரியில்லைங்க" என்றேன்.

ஏப்ரல் 27

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது, நான் சொன்னது, அண்ணனுக்குப் புரையேறியது, டாக்டரிடம் வாயை மூடிக்கொண்டு நின்றது. எல்லாம். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னைக்கே அவ சொல்லிட்டா. நீங்களா வாயைத் திறக்குறீங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தோம்."

இருந்தோம். இரண்டு பேருமாக. நான் தொப்பியும் சோப்பும் வாங்கி வந்து பையோடு மேஜைமேல் வைத்தபோதே அவர்களுக்குத் தெரியும். பயிற்சியாளர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டபோது நான் பக்கத்தில் நின்று தலையாட்டியதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மனைவியின் முதுகை நான் தடவிக்கொடுத்தேனே, அது எப்படி இருந்திருக்கும் அவளுக்கு?

"அப்ப அன்னைக்கு நீ அழுதது?"

"அதுவும் நிஜம்தான். வெளுக்கும்னு நான் சொன்னது நிஜம்தானே. என் பங்குக்கு நான் அழுதேன். உங்க பங்கை நான் ஏன் அழணும்?"

மடித்த துணியை என் கையில் கொடுத்தாள். "இதை அவ அலமாரியில வச்சிட்டு வாங்க."

துணியை மட்டும் வைத்துவிட்டு வந்தேன். அவள் படித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் முடியவில்லை.

ஏப்ரல் 28

விடிந்ததும் போனேன். வாத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கன்னத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். கண்ணாடி பார்க்காமல், தொட்டுத் தொட்டு இடம் கண்டுபிடித்து.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன். தமாஷுக்குச் சொன்னேன் என்று சேர்க்க நினைத்தேன். சேர்க்கவில்லை.

கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க சொன்னதுகூட பரவாயில்லப்பா. எல்லாரும் சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன்ல. அதுதான் எனக்குப் பிடிக்கவே இல்ல."

பிறகு, "டாக்டர்கிட்ட ஏன் சும்மா நின்னீங்க?"

"பயம்."

"எனக்கும் அங்க பயமாத்தான் இருந்துச்சு. நீங்க மாட்டிக்குவீங்களேன்னு."

நான் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பொய் சொல்லியிருக்கிறாள். முகமெல்லாம் வெந்து உட்கார்ந்திருந்த குழந்தை.

மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. களிம்பு டப்பாவை மூடிக்கொண்டு, "வாத்துன்னு கூப்பிடாதீங்க கொஞ்ச நாளைக்கு" என்றாள். சரி என்றேன்.

ஏப்ரல் 30

அண்ணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "இதுக்குப் போயா? நம்ம வீட்டுல யாரு வெள்ளை?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னார்.

மே 12

டாக்டர் தண்ணீருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். உடம்பை மூடும் நீச்சலுடை, முகத்துக்குக் கிரீம், தண்ணீரை விட்டு ஏறியதும் துடைத்து மறுபடி ஒரு தடவை. பயிற்சியாளர் இப்போது எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திப் பூசச் சொல்கிறாராம். அவரிடம் போய், தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அவர் குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மகள் மூன்று வாரம் தண்ணீர் காணாதவள். கடைசி ஆளாகத்தான் கரை தொட்டாள். மூச்சு வாங்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் ஐந்து கோடும் அப்படியே இருந்தன. ஒரு புதுப் பெண் அதைக் காட்டி ஏதோ கேட்டது. இவள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

மே 25

குளத்து அடையாள அட்டைக்கு போட்டோ வேண்டும் என்றார்கள். ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். எடுத்து முடித்து, கம்ப்யூட்டரில் அவள் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கலர் கொஞ்சம் ஏத்திடவா சார்? இந்தக் கோட்டையும் எடுத்துடலாம். சொன்னா உடனே செஞ்சு தரேன்."

"அவ மூஞ்சி. அவகிட்ட கேளுங்க" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையை நெருங்கி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கலர்ல கை வைக்காதீங்கண்ணா. கோடும் இருக்கட்டும், அது தானா போயிடும்" என்றாள். பிறகு குனிந்து, மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பருவை மட்டும் எடுத்துடுங்க. அசிங்கமா இருக்கு."

எடுத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நல்லா இருக்காப்பா?"

"நல்லா இருக்கு" என்றேன். வேறொன்றும் சேர்க்கவில்லை.