என் கடைக்கு எதிரே ஓர் இடைவெளி

அக்கா,

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கியதும் ஈர சிமெண்ட் வாடை மூக்கில் ஏறியது. என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே, சாலை நடுவிலிருக்கும் டிவைடரில் விட்டிருந்த இடைவெளியைப் பலகை அடித்து மூடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டே வேடிக்கை பார்த்தார். "இன்னாங்க, நீங்களே எழுதிக் குடுத்து மூடச் சொன்னீங்களாமே? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். பதில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் செத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டமானபோது நம் ஆட்களுக்குத் தலைகால் புரியாமல் போனது நினைவிருக்கிறதா? சங்கராபுரம் சாலையை அகலப்படுத்தியதும் பட்டாசு வெடித்தார்கள். அகலமான சாலையில் வண்டி பறக்கும் என்று ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர், பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் வெறி பிடித்து ஓடின. உங்கள் தையல் கடை இந்தப் பக்கம், என் கடையிலிருந்து நாலு கடை தள்ளி. வீடு அந்தப் பக்கச் சந்தில். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிய இடது காலோடு, கக்கத்தில் கட்டையை ஊன்றி, தினமும் நாலு முறை நீங்கள் அந்தச் சாலையைத் தாண்டியாக வேண்டும்.

ஒருநாள் பைக்கில் வந்த ஒருவன் உங்களை உரசிக்கொண்டு நின்று, "வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று கத்தினான். "நான் சொல்லிகினுதான் வந்தேன். நீ சொன்னியாடா?" என்று நீங்கள் கேட்ட கேள்வியில் அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். தெருவே சிரித்தது. சிரிப்பதற்கு நம் தெருவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிவைடர் வரப்போகிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டியதும் எல்லோரும் அதன்மேல் வெற்றிலைச் சாறு துப்பிவிட்டுப் போனார்கள். நீங்கள் மட்டும் அதை நின்று படித்தீர்கள். மறுநாள் ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரத்தில் என்னை எழுப்பி, இஞ்ச் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தீர்கள். ரவிக்கைக்கு அளவெடுக்கும் டேப்பால் நெடுஞ்சாலையை அளந்த ஒரே ஜென்மங்கள் நாமாகத்தான் இருப்போம். டேப் தீர்ந்த இடத்தில் தார் மேல் தையல் சாக்பீஸால் கோடு, அங்கிருந்து மறுபடி டேப். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "ரோட்டுக்கு ஜாக்கெட்டா தைக்கிறீங்க?" என்றார். "ஆமா, இது ரொம்பத்தான் ஆடுது, கொஞ்சம் பிடிச்சு தைக்கணும்" என்றீர்கள்.

பிறகு துணி வெட்ட மாதிரி வரையும் பழுப்புக் காகிதத்தில் முழுச் சாலையையும் வரைந்தீர்கள். பள்ளிக்கூடச் சந்து எதிரே ஒன்று, ரேஷன் கடை எதிரே ஒன்று, நடந்து போகிறவர்களுக்கு இரண்டே வழி. பைக் நுழைய முடியாத ஒடுக்கமான வழி. மற்றபடி டிவைடர் எங்கும் உடையக் கூடாது. "பாதி தாண்டணும், நடுவுல நின்னு மூச்சு வுடணும், மீதி தாண்டணும். அவ்ளோதான் எனக்கு வேணும். என் காலுக்குத் தாண்ட முடிஞ்சா ஊருல எல்லார் காலுக்கும் முடியும்" என்றீர்கள்.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கருத்து கேட்க வந்தவர்களைவிட போண்டா கேட்க வந்தவர்கள் ஜாஸ்தி. நீங்கள் காகிதத்தை விரித்து விளக்கியதும் அதிகாரி, "சூப்பர்மா" என்று செல்போனில் படம் பிடித்தார். கடைக்காரர்கள் கைதட்டினார்களே, அடேயப்பா! மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று தட்டினார். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

அந்தக் கைகள் ஒரு வாரம் தாங்கவில்லை. டிவைடர் வேலை ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக, அதை மேற்பார்க்கும் சூப்பர்வைசரிடம் பம்மிப் பம்மிப் போனார்கள். ஊருக்கெல்லாம் டிவைடர் வேண்டும், தன் கடை எதிரே மட்டும் ஒரு கேப் வேண்டும். வாடிக்கையாளர் திரும்பணுமாம், மாமனார் கார் திரும்பணுமாம். இதற்குப் பெயர் நம் ஊரில் பொதுநலம்.

நான் போகவில்லையா? போனேன். பள்ளி திறக்கும் சமயம், கடையில் விற்கும் நோட்டுகளின் லோடு வண்டி ரொம்ப தூரம் போய்ச் சுற்றி வர வேண்டியிருக்குமே என்று போனேன். "சின்னதா ஒரு கேப் போதும் சார்" என்றேன். அவர் சிரித்தார். "நீங்களுமா? உங்க லைன்ல எல்லாரும் வந்துட்டுப் போய்ட்டாங்க மேடம்." அந்த நொடியிலாவது திரும்பியிருக்கலாம். எல்லோரும் வாங்கியபின் நான் மட்டும் என்ன இளிச்சவாயா என்றுதான் என் புத்தி போனது.

வேலை முடிந்த அன்று டிவைடர் பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. நீங்கள் வரைந்த இரண்டு வழியும் பைக் நுழையும் அகலத்தில், அவற்றோடு கடைக்குக் கடை ஓட்டை. எந்த ஓட்டையில் எந்த பைக் திரும்பும் என்று கடவுளுக்கே தெரியாது. நீங்கள் கட்டையை ஊன்றிக் கடை கடையாகப் போய்க் கேட்டீர்கள். எல்லோரும் வெட்கமே இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். "எனக்கு யாவாரம் இருக்குல்லங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியாக என்னிடம் வந்தீர்கள்.

"உன் கடை எதிர்க்க யாருடி கேட்டது?"

"தெரியலக்கா. அவங்களா வுட்டுட்டாங்க போல."

"அப்டியா" என்றீர்கள். என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனீர்கள். அந்தத் தெருவில் நான் வாய்க்கு வாய் திட்டும் அத்தனை பேரும் அன்று உண்மை பேசினார்கள் அக்கா. பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

நாலு மாதம் தாக்குப்பிடித்தீர்கள். நடுச்சாலையில் நின்று மூச்சு விட இடமில்லை. எதிரிலும் வண்டி, முதுகிலும் வண்டி. இரண்டு முறை கீழே விழுந்தீர்கள். கடையைக் காலி செய்த அன்று உங்கள் தையல் மிஷினை ஏற்றிய லோடு ஆட்டோ, என் கடை எதிரே இருந்த கேப்பில்தான் திரும்பி உங்கள் சந்துக்குள் போனது. நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்துக்குள் யார் தேடி வருவார்கள்? தைக்கத் துணி கம்மி, பேச ஆள் கம்மி. நான் வரும்போதெல்லாம் டீ போட்டுக் கொடுத்து, "அந்த ரோட்டுலயே கேப் கேக்காதவ இவ ஒருத்திதான்" என்று மகளிடம் சொல்வீர்கள். நான் அந்த டீயைக் குடிப்பேன். சர்க்கரை வியாதியும் காய்ச்சலும் சேர்ந்து உங்களைக் கொண்டுபோன அன்று, சாவு வீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மனு எழுத ஒரு வருஷம் பிடித்தது. தன் கடை எதிரே மூடச் சொல்லும் ஆளை நெடுஞ்சாலை அலுவலகம் பார்த்ததே இல்லையாம். மனுவை வாங்கியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மத்தியானம் உங்கள் மகள் குழந்தையோடு வந்தாள், அதன் பிறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க. எதிரே பார்த்தாள். "இன்னாக்கா அநியாயம், கேட்டு வாங்கினவங்களுத வுட்டுட்டு உங்களுத மூடுறாங்க?"

"நான்தாம்மா கேட்டு வாங்கினேன். அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "அம்மா சாவுற வரைக்கும் உங்களப் பத்திச் சொல்லிகினே இருந்தாங்களே" என்றாள். மிஷின் மூடியைத் திறந்து சான்றிதழை அவளே எடுத்துக்கொண்டாள். நகல் தட்டிலேயே கிடந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து ஓட்டைகளில் தாண்டாமல், வெயிலில் நீங்கள் வரைந்த வழி இருக்கும் ரேஷன் கடை வரைக்கும் நடந்து போய், அங்கே தாண்டி, அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தாள். என் கடைக்கு நேர் எதிரே வந்தபோதும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கூப்பிட வாயெடுத்தேன். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது அக்கா?