பாபுவின் பெயருக்கு நேரே போட்ட டிக்

மே 5, 1986. திங்கள்

கத்திரி ஆரம்பித்து இரண்டாம் நாள். கோட்டைப் பாறையின் சூடு முழுக்க சாயங்காலம் ஊருக்குள் இறங்குகிறது. கரண்ட் இல்லை.

லீவு வேலைகள்:
— சைக்காலஜி ரெக்கார்டு (ஒரு குழந்தையை ஒரு வாரம் கவனித்து எழுத வேண்டும்)
— ஜாக்கெட் தைக்கக் கொடுக்க
— ஹாஸ்டலுக்கு மிளகாய்ப் பொடி

சீனியர் நோட்டு கையில் இருக்கிறது. எல்லாரும் அதைத்தான் காப்பி அடிப்பார்கள். எனக்கு மட்டும் ரோஷம். வீட்டிலேயே அக்கா மகன் பாபு, மூன்று வயது மூன்று மாதம். பிறகு எதற்குக் காப்பி?

அக்கா இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. வல்லத்திலிருந்து மாமியார் அனுப்பிவிட்டார். "புள்ள வாயத் தொறந்து பேசனப்புறம் வா." அம்மா வருகிறவர்களிடம் எல்லாம், "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்கிறாள்.

மே 6, செவ்வாய்

காலை 9–10. ஓடுகிறான், படி ஏறுகிறான், பட்டன் போடுகிறான். எல்லாம் டிக். பேச்சு, இல்லை.

ரெக்கார்டில் அடுத்த கேள்வி: "தாய் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா?" பாபு பெஞ்சில். அக்காவைப் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னேன். உடனே திரும்பிச் சிரித்தான். டிக்.

காதில் கோளாறு இல்லை என்று அம்மாவிடமும் நைனாவிடமும் பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். பாபுவைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பிவிட்டார்.

மே 8, வியாழன். அமாவாசை

மேல்மலையனூர் வேண்டுதல். அக்கா, நான், பாபு. பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. அக்கா பூ வாங்கப் போன நேரம், ஸ்பெஷல் பஸ் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நான் துள்ளிவிட்டேன். பக்கத்தில் ஒருவர், "இன்னாய்யா, மேல ஏத்திடுவியா?" என்று டிரைவரிடம் சண்டை.

பாபு என் வாட்சைத் திருகிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

கோயிலில் என்ன வேண்டினேன் என்று நினைவில்லை.

மே 9, வெள்ளி

பாபுவைப் பெஞ்சில் உட்காரவைத்து, பின்னால் நின்று தட்டில் கரண்டியால் அடித்தேன். திரும்பவில்லை. கை தட்டினேன், பெயர் சொன்னேன். ம்ஹூம். அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். திரும்பினான். இந்த முறை அக்காவைக் கவனித்தேன். கூப்பிடும்போதே முழங்காலால் பெஞ்சை லேசாக இடித்தாள். அந்த அதிர்வுக்குத்தான் திரும்புகிறான்.

"எப்பலேருந்துக்கா தெரியும்?"

"ஒரு வயசுலேருந்து." பாபுவை மடிக்கு இழுத்துக்கொண்டு, "அவரு ஞாயித்துக்கெழம வராரு. காலேஜ் படிக்கிறவ சொன்னா நம்புவாரு. லேட்டா பேசும்னு மட்டும் சொல்லுடி. நான் என் ஊட்டுக்குப் போய்டுவேன்."

காது கேட்காத குழந்தைக்கு எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தருகிறோமோ அவ்வளவு நல்லது என்று மேடம் வகுப்பில் சொன்னார்கள். ஏற்கெனவே இரண்டு வருஷம் வீண். செவ்வாயன்று போட்ட டிக்கை பிளேடால் சுரண்டினேன். தாள் ஓட்டை.

மே 11, ஞாயிறு

மாமா வந்தார். கோழிக் குழம்பு. பாதிச் சாப்பாட்டிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா, நீ படிக்கிறதே இதான? சொல்லு, பையன் நல்லாத்தான இருக்கான்?"

அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"அவனுக்குக் காது கேக்கல மாமா. மெட்ராஸ்ல காட்டணும். மெஷின் வெச்சுப் பழக்குனா பேசலாம்."

நைனா எழுந்து வாசலுக்குப் போனார். மாமா திட்டவில்லை. "அம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிக் கை கழுவினார். திட்டியிருக்கலாம்.

மே 13, செவ்வாய்

தூறல். மண்கூட நனையவில்லை. காலை பத்து மணி பஸ்ஸுக்கு மாமா வந்தார், பாபுவை மட்டும் அழைத்துப்போக.

"மெட்ராஸ்ல காட்றோம். அம்மா பாத்துப்பாங்க. இவ இங்கியே இருக்கட்டும். பெத்தவளுக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா மறைச்சிருக்கா."

எத்தனை நாளைக்கு என்று அம்மா கேட்டாள். மாமா பாபுவின் சட்டைகளைப் பையில் திணித்தார். அக்காவையும் கூட்டிப்போங்கள் என்று நான் கெஞ்சினேன். பாபு பஸ்ஸைக் கண்டதும் குதித்துக்கொண்டு ஏறினான்.

செய்தது சரிதான் என்று எழுதப் பார்க்கிறேன். கை வரவில்லை.

மத்தியானம் அக்கா அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு.

"பசிச்சா என் முந்தானையப் புடிச்சி இழுப்பான். அவனுக்குக் கேக்கத் தெரிஞ்சது அவ்ளோதான். அங்க யாருக்குடி புரியும்?"