கறிக்குழம்புக்குக் காவல் போன கத்தி

ஐப்பசி, ஞாயிறு இரவு.

சாயங்காலம் கத்தியைக் காணவில்லை. இரண்டு விதமான எஃகைச் சேர்த்து அடித்த மடக்குக் கத்தி. எலும்புக் கைப்பிடி, அலகெல்லாம் அலை அலையாக வரி. பழம் நறுக்கினால்கூட உடனே துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி வைப்பேன். புளிப்பும் உப்பும் அதற்கு ஆகாது.

அம்மாவிடம் கேட்டேன். பாளையம்பட்டி அக்கா வீட்டுக்கு அப்பா பஸ்ஸில் கறிக்குழம்பு கொண்டுபோயிருந்தார்.

"கறி கொண்டு போகையில இரும்பு இல்லாம அனுப்பலாமா? பேய் பின்னாலயே வரும்ல. தூக்குவாளிக்குள்ள போட்டு விட்டேன்."

"எப்பவும் ஆணிதானம்மா போடுவ?"

"ஆணி துருவா இருந்துச்சு. ஒன்னுதுதான் சுத்தமா இருந்துச்சு."

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா வீட்டில் மச்சான் சாப்பாட்டுத் தட்டைக் காட்டினார். ஓரத்தில் கத்தி கிடந்தது.

"நல்லி எலும்புன்னு நெனச்சு உறிஞ்சிப் பாத்துட்டேன் மாப்ள."

வீட்டுக்கு வந்து வெந்நீரில் கழுவினேன். மடங்கும் இடத்தில் அடைந்திருந்த மசாலாவைக் குச்சியால் எடுத்தேன். துடைத்துப் பார்த்தால், வரிகள் முன்பைவிடக் கறுத்து எடுப்பாகத் தெரிகின்றன. குழம்பின் புளிப்பு செய்த வேலை. உண்மையில் அழகு கூடியிருக்கிறது. அதைச் சொன்னால் அம்மா அடுத்த ஞாயிறும் வாளிக்குள் போட்டுவிடுவாள்.

"என்னடா, கெட்டுப்போச்சா?" என்றாள்.

"ஆமாம்மா. வீணாப் போச்சு."

"சரி விடு. இனிமே கறிக்கு அதையே வச்சுக்கிருவோம்."

எண்ணெய் தடவித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.