உப்புக்கு வழிவிடாத கதவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் என் தங்கமும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எழும்போதும் படுக்கும்போதும் என் நினைப்பு. குமட்டல் குறைந்ததா? வெறும் வயிற்றோடு வேலைக்குக் கிளம்பாதே, பையில் பிஸ்கட்டாவது போட்டுக்கொள். போனில் சொல்ல வந்து வந்து பேச்சை மாற்றிவிட்டேன், குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். உட்கார்ந்து படி.

உன் அண்ணன் மகளுக்கு முத்தம் கொடுத்தால் உதடு கரிக்கிறதென்று சிரித்து, உப்புமூட்டை என்று பெயர் வைத்தோமே, அது வியாதியாம். இருமல் நிற்கவில்லை, எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு தேறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கையிலிருந்து வியர்வை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா படம் போட்டே விளக்கினார். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு, தையல் கடையில் நான் கோட்டுக்கு உள்துணி வைப்பேனே, அது மாதிரி இரண்டு அடுக்கு, எல்லாம் கொழுப்பு. அதைக் கேட்டதும் உன் அப்பா, "எங்க வீட்டம்மா பக்கம் அதுக்குப் பஞ்சமே இல்ல டாக்டர்" என்றார். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். அந்தக் கொழுப்பைத் தாண்டி உப்பு தானாகப் போக முடியாதாம், அதற்கென்று புரதத்தால் ஆன கதவுகள் அங்கங்கே உண்டு. நம் குழந்தைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வியர்வையில் போன உப்பு உள்ளே திரும்பாமல் தோலிலேயே தங்கிவிடுகிறது. நுரையீரலிலோ உப்பு வெளியே வராததால் தண்ணீரும் வருவதில்லை, சளி பசையாக இறுகிவிடுகிறது. உன் அண்ணி, உடம்பில் உப்பு கூடிவிட்டதென்று நினைத்து, குழந்தையின் சாப்பாட்டில் உப்பே போடாமல் இருந்திருக்கிறாள். கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. சளி இளக, காலையும் மாலையும் மடியில் கவிழ்த்து முதுகில் தட்ட வேண்டும். விளையாட்டென்று நினைத்துக் குழந்தை சிரிக்கிறது, இவள் அழுதுகொண்டே தட்டுகிறாள். மருந்து உண்டு, ஆனால் காலம் முழுக்க என்கிறார்கள்.

இனிமேல்தான் உன் விஷயம். இந்தப் பழுது அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்தால்தான் நோய், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. அண்ணனிடமும் அண்ணியிடமும் இருந்திருக்கிறது. அண்ணனுக்கு எங்கிருந்து வந்ததென்று பார்க்க நாங்களும் ரத்தம் கொடுத்தோம். என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. உன் அப்பா அன்றிலிருந்து என்னைக் கேலி செய்வதையே விட்டுவிட்டார், எனக்கு அதுதான் தாங்கவில்லை. உனக்கும் நான் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். "வயித்துல புள்ளையோட இருக்கா, பயந்துடுவா, இப்பச் சொல்லாதீங்க அத்தை" என்று அண்ணி கெஞ்சினாள். ஆனால் இப்போதே தெரிவதுதான் நல்லது, பிறந்த நாளிலிருந்தே வைத்தியம் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். உனக்கு இருந்து மாப்பிள்ளைக்கு இல்லையென்றால் குழந்தைக்கு இந்த நோய் வராதாம், அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும். மறக்காமல் இந்த வாரமே மாப்பிள்ளையையும் கூட்டிப்போய் ரத்தம் கொடு. முடிவு வரும் நாளில் தனியாக இருக்காதே, எதுவானாலும் உடனே எனக்குப் போன் போடு. உன்னால்தான் என்று கத்தத் தோன்றினால் அடக்கிவைக்காதே, என்னிடமே கத்து. நான் போனை வைக்க மாட்டேன்.

உன்,
அம்மா